தகட்டுக்குப் பின்னால்

அக்டோபர் 9, புதன்

ஈரோட்டில் மஞ்சள் லோடு ஏற்றிய லாரியை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வந்து, துணிமணி எடுத்துக்கொண்டு இவர் காலையில் கிளம்பினார். இந்த முறை நாக்பூருக்கும் அப்பால். என் வீட்டுக்காரருக்குப் பூ வாங்கி வரத் தெரியாது. மூட்டை ஓட்டையிலிருந்து ஒரு விரலி மஞ்சளை உருவி வரத் தெரியும். நல்ல கொழுத்த மஞ்சள். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கம்பெனியில் முதலாளி கோவர்த்தனன் சார் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். ஆபரேஷன் தியேட்டர் விளக்குக் கிண்ணங்கள் வருகின்றன. மூன்று லாட் தொடர்ந்து தேறினால் ஆர்டர் நமக்கு. தீபாவளிக்குள் தேறாவிட்டால் வேக்யூம் பெட்டியை விற்றுவிட்டு அந்த இடத்தையும் ஸ்பிரேக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஸ்பிரே பக்கம் முகம் மலர்ந்தது. அவர்கள் வேலை துத்தநாகக் கம்பியை உருக்கி, காற்றால் ஊதி, பம்பு பாடி மேல் அடிப்பது. காது கிழியும். என் வேலை சத்தமில்லாதது. பெட்டிக்குள் கிண்ணங்களை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிட வேண்டும். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம். கிண்ணம் கண்ணாடியாகிவிடும். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். பெட்டி போனால் எனக்குத் திரும்பவும் பஞ்சு மில்தான். அந்தத் தூசியில் இனி ஒரு மாதம்கூட என் மூச்சு தாங்காது என்று டாக்டர் சொல்லி வெகு நாளாகிறது.

அக்டோபர் 10, வியாழன்

ஃபிட்டர் நாச்சிமுத்து அண்ணன் பெட்டியின் கதவு ரப்பரை மாற்றினார். கம்பெனி ரப்பர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவரே டவுன்ஹால் பக்கம் போய் ரப்பர் கயிறு வாங்கி வந்து, சாய்வாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிப் போட்டார். ஒட்டு எங்கே என்று விரலால் தடவியும் எனக்குத் தெரியவில்லை.

காற்று குறையக் குறைய மீட்டரில் எண் இறங்கும். மைனஸ் ஐந்து வந்தால்தான் அலுமினியத்துக்குக் கரண்ட் கொடுக்கலாம். நாற்பத்திரண்டு நிமிடத்தில் வந்தது.

"எப்படி அம்மிணி?" என்றார்.

"நீங்க ரப்பருக்கு ஆஸ்பத்திரியே வெக்கலாமுங்ணா."

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பெட்டிக் கதவின் வெளியே சந்தனம், குங்குமம். உள்ளே ஒன்றும் படக்கூடாது. சுவரிலேயே சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது: 'உறையில்லாத கை உள்ளே போகக் கூடாது.' எழுதச் சொன்னதே நான்தான். ஸ்பிரேக்காரர்கள் மாலை, வாழைக்கன்று, பூசணி என்று ஊர்த் தேர் மாதிரி ஜோடித்துவிட்டார்கள். என் பெட்டி மட்டும் ஒரு பொட்டோடு நிற்கிறது. மூன்று லாட் அதன் தலைமேல்.

எல்லோரும் பொரி வாங்கப் போன நேரத்தில் என் பெட்டிக்குச் செய்ய வேண்டியதை நான் செய்தேன். எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டுமா என்ன?

அக்டோபர் 14, திங்கள்

முதல் லாட். பதினான்கு கிண்ணம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, மைனஸ் நாலைத் தாண்டவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். எடுத்துப் பார்த்தால் பால் ஊற்றிக் கழுவின மாதிரி மங்கல். பூச்சு பிடித்திருக்கிறதா என்று டேப் ஒட்டி இழுத்தேன். அலுமினிய வெள்ளி மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது.

பதினான்கிலும் பூச்சைக் கரைத்துவிட்டு மறுபடி கழுவ வேண்டும். கை எரிகிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பெட்டி இன்னும் மோசம்.

நாச்சிமுத்து அண்ணன் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். எங்காவது ஓட்டை இருந்தால் ஸ்பிரிட் உள்ளே போய் மீட்டர் துள்ளும். கதவைச் சுற்றி, பைப்பைச் சுற்றி, அடியில் படுத்தும் தடவினார். முள் அசையவில்லை.

"உள்ள ஒருக்கா பாத்தரலாம் அம்மிணி. பின்தகட்ட கழட்டோணும்."

"உங்க தொப்பைக்கு உள்ள போனா வெளிய வர முடியாதுங்ணா. நானே தொடச்சுக்கறேன்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் துடைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அக்டோபர் 16, புதன்

இவர் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

வடக்கே பெருமழை, ரோடு அரித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். நாக்பூர் பக்கமா, வேறு எங்காவதா என்று கேட்பதற்குள் விளம்பரம் போட்டுவிட்டான். இவர் போன் இன்னும் அணைந்தேதான் இருக்கிறது.

இங்கே பம்பு எண்ணெய் மாற்றியாயிற்று. மீட்டரை மாற்றியாயிற்று. சார் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "எல்லாம் அந்த ஒட்டு ரப்பராலதான். காசை மிச்சம் பண்றேன்னு எவன்கிட்டயோ வாங்கி ஒட்டிருக்கீங்க. மொத நாள் தாங்குச்சு, அப்புறம் விட்டுருச்சு."

"ஒட்டு விடலைங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"அப்ப வேற எதுங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து கதவு ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். நான் கையுறையை மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் கதவைத் திறந்ததும் அவர் மூக்கை உறிஞ்சினார். "கொழம்பு வாசமாட்ட வருது அம்மிணி?"

"என்ற சோத்துத் தூக்குப்போசிங்ணா" என்றேன். தூக்குப்போசி பத்தடி தள்ளி, மூடியோடு இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

லாரி ஆபீசில் கேட்டுவர மத்தியானத்துக்கு மேல் லீவு. 'வண்டி நாக்பூர் தாண்டி நிற்கிறது, ஆள் விவரம் தெரியவில்லை' என்றார் அங்கிருந்தவர். ஆள் விவரம் தெரியவில்லை என்று ஒரு பொம்பளையிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கிறார்.

அக்டோபர் 19, சனி

நாச்சிமுத்து அண்ணன் இன்று என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை. நேற்று நான் போன பிறகு பெட்டியில் ஏதோ வேலை பார்த்ததாக ஸ்பிரேக்காரர் ஒருவர் சொன்னார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சும்மா, கழட்டி மாட்டுனேன்" என்றார்.

டீ குடிக்கும்போது திடீரென்று, "உங்க ஊட்டுக்காரரு லாரி லைன்ல இருந்து எப்ப வர்றாருங்க?" என்றார்.

"தெரியலீங்ணா. போனே கெடைக்கல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினார்.

இன்று வெயில். பெட்டி கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனாலும் மைனஸ் ஐந்து இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

பூஜையன்று விரலி மஞ்சளை மஞ்சளில் நனைத்த நூலில் கோத்து, பெட்டிக்குள் பின்தகட்டுக்குப் பின்னால், தாங்குகாலில் மூன்று முடிச்சுப் போட்டேன். யார் கண்ணுக்கும் படாத இடம். தகட்டைக் கழற்றத் தேவையில்லை, கை மட்டும் நுழையும், அதுவும் என் கை. 'இந்த மூன்று லாட்டும் தேறணும், ரோட்டில் போனவர் வீடு வந்து சேரணும், அதுவரைக்கும் நீ இங்கே இரு' என்று சொல்லித்தான் கட்டினேன். சுவரில் எழுதச் சொன்னவளே உறையில்லாத கையை உள்ளே விட்டேன். மஞ்சள் கயிற்றை ரப்பர் உறையோடு கட்டுவது எனக்கு முறையாகப் படவில்லை.

திங்கட்கிழமை மங்கல் விழுந்தபோது, ஒரு விரல் மஞ்சளா இவ்வளவு பெரிய பெட்டியை மறிக்கப் போகிறது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், பம்பு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எண் இறங்காது. நூல் ஈரம் குடிக்கும். மஞ்சளுக்குள் எண்ணெய் உண்டு. கதவைத் திறக்கும்போதெல்லாம் மழைக் காற்றை அது மறுபடி குடித்துக்கொள்கிறது. ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இது. துடைக்கப் போனேன் என்று எழுதினேனே, அன்று அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை.

எப்படி எடுப்பேன்? இவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் மஞ்சள் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் எந்தப் பெண் அவிழ்ப்பாள்? படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 21, திங்கள்

கம்பெனி ரப்பர் வியாழக்கிழமை வருகிறது. சார் நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, தீபாவளியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். பதினேழு வருட வேலை. எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அண்ணன், "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 'ஒட்டு விடலை, ஸ்பிரிட் போட்டுப் பார்த்தேன், முள் அசையலை' என்று சொல்ல வேண்டியதுதானே? வாயில் கொழுக்கட்டையா? முன்பொரு தடவை அலுமினியத்தை உருக்கும் டங்ஸ்டன் சுருளை நான் எரித்துத் தொலைத்தபோது எனக்காக சாரிடம் அரை மணி நேரம் வாதாடின மனுஷன், தனக்கென்று ஒரு வார்த்தை பேசவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். யார் மேல் கோபப்படுகிறேன் என்று எனக்கே தெரியும்.

அக்டோபர் 22, செவ்வாய்

இவர் பேசிவிட்டார்! பாலம் உடைந்து ஆறு நாள் ரோட்டிலேயே கிடந்தாராம், போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இன்னொருவர் போனில் ரெண்டே நிமிடம். "சாப்ட்டயா?" என்று கேட்கிறார். ஆறு நாள் கழித்து.

கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இன்று அவிழ்த்திருக்கலாம். ஆனால் இன்னும் ரோட்டில்தானே இருக்கிறார்.

அக்டோபர் 24, வியாழன்

கம்பெனி ரப்பர் வந்தது. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டவரும் நாச்சிமுத்து அண்ணன்தான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது என்பது இதுதான். பழைய ரப்பரைக் குப்பையில் எறியாமல் ஆணியில் மாட்டினார்.

இவர் குரலைக் கேட்டாயிற்று, இனியும் விட்டுவைத்தால் தீபாவளிக்குள் ஒரு லாட்டும் தேறாது. அண்ணன் டீக்குப் போன பத்து நிமிடத்தில் கையை உள்ளே விட்டு முடிச்சுகளை அவிழ்த்தேன். அறுக்கவில்லை, அவிழ்த்தேன். வாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தகட்டு இடுக்கு வழியாக அலுமினிய ஆவி போயிருக்கிறது போலும். மஞ்சளின் ஒரு பக்கம் மஞ்சளாகவே இருந்தது, மறுபக்கத்தில் மங்கலாக வெள்ளி ஏறியிருந்தது. தூக்குப்போசிக்குள் போட்டு மூடினேன். அண்ணன் திரும்பி வருவதற்குள் உறை மாட்டி, உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து முடித்துவிட்டேன்.

வெறும் பெட்டியை இரண்டு தடவை சூடுபடுத்தி ஓட்டினோம். மூன்றாவது தடவை நாற்பத்தொரு நிமிடத்தில் மைனஸ் ஐந்து. ஸ்பிரேக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் சார், நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்து. "நான் அப்பவே சொன்னேன்."

அண்ணன் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வந்துருச்சு அம்மிணி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

அண்ணனின் ரப்பர்மேல் இவ்வளவு நாள் சந்தேகம்தான் இருந்தது. என் பத்து நிமிடத்தால் இன்று அது நிரூபணமாகிவிட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

முதல் லாட் தேறிவிட்டது. டேப்பில் ஒரு பொட்டு வெள்ளி வரவில்லை. சார் எனக்கு மட்டும் ஒரு டப்பா மைசூர்பாக்கு கொடுத்தார். அதை இன்னும் பிரிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

இரண்டாவது லாட்டும் தேறியது.

இவர் வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, தாடியோடு. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "இருவது டன் மஞ்சளோட போறவனுக்கு, மேல ஒரு வெரலு மஞ்சளு காவலா?" என்றார். பிறகு, "அந்த ஃபிட்டர் என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "சாந்தாமணி, கேட்டேன்ல?" என்றார் மறுபடியும். இவருக்குச் சில சமயம் குரல் உயராமலே அதட்டத் தெரியும்.

அக்டோபர் 28, திங்கள்

நாச்சிமுத்து அண்ணன் டூல்ஸ் பெட்டியைப் பிரித்து, கம்பெனிச் சாமானைத் தனியாக, தன் சாமானைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, உங்க ரப்பர் மேல தப்பு இல்லீங்ணா. நாந்தான்..."

"தெரியுமுங்க அம்மிணி" என்றார், ஸ்பேனரைத் துடைத்தபடி. "பாத்தனுங்க."

"என்னத்தப் பாத்தீங்க?"

"நீங்க லீவுல போன அன்னிக்கு. பின்தகட்ட கழட்டுனேன். மஞ்சக் கயிறு தெரிஞ்சுது. திருப்பி மாட்டிட்டேன்."

"அப்பறம் ஏனுங்ணா எடுக்கல? சார்கிட்ட ஏன் சொல்லல?"

"அது மஞ்சக் கயிறுங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரரு ரோட்டுல, போனுமில்ல. நா எப்படி அதுல கைய வெப்பேன்? நீங்களா எடுப்பீங்கன்னு இருந்தேன்."

"உங்க வேல போகுதேங்ணா!"

"வேல போனா வேறொண்ணு பாத்துக்கலாம். நா அறுத்த அன்னிக்கு அங்க ஒண்ணு ஆயிருந்தா, அதுக்கு எந்தக் கடையில போயி ரப்பர் வாங்கறது?"

ஸ்பேனரைத் தன் பக்கம் வைத்தவர், யோசித்து, கம்பெனிப் பக்கம் நகர்த்தினார். வெட்கம் தாங்காமல் எழுந்து வந்தேன். பத்து நாளாக அவருக்குத் தெரியும். இவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களையும் அவர் எண்ணியிருப்பார்.

அக்டோபர் 29, செவ்வாய்

மூன்றாவது லாட் நாளைக்கு. அது முடிந்தபின் சொல்லலாம் என்று வயிறு சொன்னது. வயிறு சொல்வதைக் கேட்டுத்தான் இதுவரை வந்திருக்கிறேன்.

காலையில் சார் அறைக்குப் போய் மஞ்சளை மேஜைமேல் வைத்தேன். நூலோடு.

"என்னம்மா இது?"

சொன்னேன். எங்கே கட்டினேன், எதற்குக் கட்டினேன், எப்போது எடுத்தேன். அவர் மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளிப் பக்கம், மஞ்சள் பக்கம். பிறகு கத்தினார். பாருங்கள், இதை எழுதும்போதும் காது சுடுகிறது. உறை போடாமல் கிண்ணத்தைத் தொட்டதற்கு ஒருவரை ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னவள் நான்தானே என்று கேட்டார். நியாயம்தான்.

"உன்னைத்தான் மொதல்ல அனுப்போணும்."

"அனுப்புங்க சார். ஆனா அதுக்கு மின்னாடி அந்த ஆணியில தொங்கற ரப்பரப் போட்டு, ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

"நாளைக்கு லாட்டை வெச்சுக்கிட்டா? திரும்ப ஏதாச்சும் ஆச்சுன்னா பெட்டியே போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

எனக்குத் தெரியாதா? பஞ்சுத் தூசியின் நாற்றம்கூட அந்த நிமிடம் மூக்கில் வந்தது.

சார் மஞ்சளின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "காலைல வெறும் பெட்டியை ஓட்டுங்க" என்றார். "அந்த மஞ்சளை எடுத்துக் குப்பையில போடு."

நான் கை நீட்டவில்லை. பக்கத்து மேஜையில் கணக்குப் பார்க்கும் பெண்ணும் அசையவில்லை. மஞ்சள் மேஜைமேலேயே கிடந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

9.10. பழைய ரப்பர். அண்ணனே மாட்டினார். கதவு மூடியாயிற்று.

9.30. மைனஸ் மூன்று. சார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே தூறல். ஸ்பிரே பக்கம் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

9.41. மைனஸ் நாலு. முள் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. அண்ணன் மீட்டரைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒட்டு உண்மையிலேயே விட்டிருந்தால்?

9.53. மைனஸ் ஐந்து.

மீதியை ராத்திரி எழுதுகிறேன். சார் எழுந்து அண்ணன் எதிரில் போய் நின்றார். "தீபாவளி முடிஞ்சு திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, ஆனால் இதை எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"சரிங்க" என்றார் அண்ணன். அன்றைக்குச் சொன்ன அதே சரிங்க.

சார் என் பக்கம் திரும்பினார். "பொங்கல் வரைக்கும் நீ பெட்டிக்குள்ள கை வெக்கக் கூடாது. கிண்ணம் கழுவு. மூணாவது லாட்டை நாச்சிமுத்து ஏத்தட்டும்."

அண்ணனுக்கு நட்டு கழற்றத் தெரியும், அலுமினியக் கம்பியை மடித்துச் சுருளில் தொங்கவிடத் தெரியாது. இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை திரும்பி, "அம்மிணி, இதெப்படிங்க?" என்றார். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். சின்னதா மடிங்க. நடுவுல. இன்னும் கொஞ்சம். கதவிலுள்ள துளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர், ஆவி பறந்து கிண்ணங்கள் வெள்ளியானபோது, "அடேங்கப்பா" என்றார். பதினேழு வருடத்தில் அதை அவர் பார்த்ததே இல்லையாம்.

லாட் தேறிவிட்டது.

போகும்போது கையெழுத்துப் போட சார் அறைக்குப் போனேன். மேஜைமேல் மஞ்சளைக் காணோம். குப்பைக்கூடையில் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. தலையை நிமிர்த்தினால், அவருக்குப் பின்னால் பிள்ளையார் பட மாடத்தில், வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய, நூலோடு இருந்தது. மேலே இன்றைக்கு வைத்த ஒரு செவ்வரளி.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். ஃபைலைப் புரட்டியபடி, "கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு" என்றார்.